ஆற்றிலே போட்டாலும்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. இதைக் கேட்கிற எவருக்கும் முதலில் ஓர் ஐயம் எழும். ஆற்றிலே போடுவது என்று தீர்மானித்துவிட்ட பிறகு அளப்பது எதற்கு? ஒரு படி போட்டால் என்ன, ஒரு மூட்டை போட்டால் என்ன? எல்லாம் தண்ணீரோடு போகப் போவதுதானே?

பழமொழியைச் சொன்ன பெரியவர்கள் ஆற்றை நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. போடுகிறவனை நினைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் அளக்காமல் போட்டுப் பழகிய கை, வீட்டில் உலை வைக்கும்போதும் அளக்காது. எவ்வளவு போட்டோம் என்று தெரியாதவனுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் தெரியாது. போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. அளந்து போடு என்றுதான் சொன்னார்கள். கஞ்சத்தனத்துக்கும் சிக்கனத்துக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

இந்தப் பழமொழியை இன்று நினைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது வயலும் அன்று, அடுப்பங்கரையும் அன்று. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் மென்பொருள் தயாராகிற இடம் அது. 'கதை எழுதுகிறவருக்கு இந்த ஊர் வழி எதற்கு?' என்று வாசகர்கள் கேட்கலாம். ஒருவன் செய்கிறான், வேறொருவன் அனுபவிக்கிறான் என்பதுதான் எல்லாக் கதைகளுக்கும் கரு. செய்கிறவனும் அனுபவிக்கிறவனும் ஒருவரையொருவர் ஒரு நாளும் சந்திக்காத ஒரு கதை இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

என் நண்பர் ஒருவருடைய மகன் சென்னையில் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்டாக இருக்கிறான். மென்பொருள் கட்டமைப்பாளன் என்று தமிழில் சொல்லலாம். வீடு கட்டுவதற்கு முன்னால் இன்ஜினீயர் வரைபடம் போடுகிறார் அல்லவா? சமையலறை எந்தப் பக்கம், ஜன்னல் எத்தனை, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது என்று அவர் தீர்மானிக்கிறார். அதைப் போல ஒரு மென்பொருள் எப்படி இயங்க வேண்டும், எதை எங்கே சேமிக்க வேண்டும், எத்தனை இயந்திரங்கள் அதற்காக உழைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இவன் வேலை. வீட்டில் ஜன்னல் வைக்க மறந்துவிட்டால் குடியிருப்பவர் பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கும். வரைபடம் போட்டவர் அந்த மின்சாரக் கட்டணத்தைக் கட்டுவதில்லை. மென்பொருளிலும் நடப்பது இதுதான்.

நாம் செல்போனில் ஒரு புகைப்படம் எடுக்கிறோம். அது 'மேகத்தில்' இருக்கிறது என்று சொல்கிறார்கள். கிளவுட் என்ற இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நல்ல கவிஞராக இருக்க வேண்டும். மேகம் என்றதும் எடையில்லாத, செலவில்லாத, வானத்தில் தானாக மிதக்கிற ஒன்று நம் மனத்தில் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் படம் இருப்பது தரையில், சிமெண்டுக் கட்டடத்தில். அங்கே ஆயிரக்கணக்கான சர்வர்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சூட்டைத் தணிக்கக் குளிர் இயந்திரங்கள் ஓடுகின்றன. பல இடங்களில் அதற்குத் தண்ணீரும் செலவாகிறது. ஒரு பிரதி கெட்டால் இருக்கட்டும் என்று இன்னும் சில பிரதிகள் வேறு இடங்களில் காத்திருக்கின்றன. இந்தக் கட்டடங்களுக்கு டேட்டா சென்டர் என்று பெயர்.

2024-ஆம் ஆண்டில் உலகத்து டேட்டா சென்டர்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவழித்தன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. உலகம் முழுவதும் செலவான மின்சாரத்தில் இது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இது இரண்டு மடங்குக்கும் மேலாகலாம் என்றும் அதே முகமை சொல்கிறது. ஒன்றரை சதவீதம் என்றால் கேட்பதற்குச் சிறியதுதான். ஆனால் இந்தக் கட்டடங்கள் உலகம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. அயர்லாந்து என்ற சிறிய நாட்டில் 2015-இல் மின்சாரத்தில் 5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போயிற்று. 2023-இல் அது 21 சதவீதம். அந்த நாட்டின் நகரங்களில் உள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டு உபயோகித்ததைவிட இது அதிகம்.

நம் சென்னையும் மேகத்தில் இல்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லை என்பதற்காக ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. உலகத்தின் கணக்குகளையெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுக் கொடுக்கிற கட்டடங்களில் கை கழுவத் தண்ணீர் இல்லை. மேகத்தில் வேலை செய்பவர்களும் குடிப்பது மண்ணில் ஊறுகிற தண்ணீரைத்தான் என்பதை அந்தக் கோடை எல்லோருக்கும் நினைவூட்டியது.

நண்பரின் மகனிடம் ஒரு நாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "வீண் செலவு என்று நீ எதைச் சொல்வாய், தம்பி?" என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்லே மாமா. எல்லாம் சின்னச் சின்ன விஷயம். அதுதான் கஷ்டமே" என்றான் அவன்.

பிறகு உதாரணம் சொன்னான். ஒரு செயலி, புதிய செய்தி வந்திருக்கிறதா என்று சர்வரைக் கேட்க வேண்டும். எத்தனை விநாடிக்கு ஒரு முறை கேட்பது? வரைபடம் போடுகிறவர் 'பத்து விநாடி' என்று எழுதி வைக்கிறார். ஏன் பத்து என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நிமிஷம் என்று எழுதியிருந்தாலும் எவருக்கும் குறை தெரிந்திருக்காது. பத்து விநாடிக்கு ஒரு முறை என்றால் ஒரு செல்போன் ஒரு நாளில் 8,640 முறை கேட்கும். அந்தச் செயலியைப் பத்து லட்சம் பேர் வைத்திருந்தால், ஒரு நாளில் 864 கோடிக் கேள்விகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வருகிற பதில், 'புதிதாக ஒன்றும் இல்லை' என்பதுதான்!

இன்னொன்றும் சொன்னான். தீபாவளி விற்பனை நாளில் கூட்டம் வரும் என்று பத்து சர்வர்களை ஏற்பாடு செய்கிறார்கள். தீபாவளி முடிகிறது. இரண்டு சர்வர் போதும். மற்ற எட்டை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயம் ஒன்று. நிறுத்துவது யார் வேலை என்று தெரியாதது ஒன்று. சும்மா நிற்கிற இயந்திரம் சும்மா நிற்பதில்லை என்பதைக் கூகிள் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இருவர் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் காலத்து நல்ல சர்வர்கூட, வேலை ஏதும் இல்லாமல் நிற்கும்போது, முழு வேலை செய்யும்போது தின்கிற மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றது. அதன் பிறகு இயந்திரங்கள் எவ்வளவோ திருந்திவிட்டன. ஆயினும் சும்மா நிற்பதற்கும் இன்றும் கூலி உண்டு.

"சரி, அந்தப் பத்து விநாடி என்று எழுதியவர் யார்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "யாரும் எழுதலே மாமா. முன்னால செஞ்ச ஒரு மென்பொருள்ல அப்படி இருந்தது. அதை அப்படியே எடுத்து வெச்சாச்சு."

அந்தப் பதில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. திருடன் ஒருவன் திருடினால் அவன் திருட வேண்டும் என்று நினைத்துத் திருடுகிறான். அவனைக் கண்டிக்க நமக்கு வழி தெரியும். இங்கே வீணாக்க வேண்டும் என்று எவனும் நினைக்கவில்லை. யாருமே தீர்மானிக்காமல் ஒரு தீர்மானம் நடந்திருக்கிறது. அது கோடிக்கணக்கான முறை நிறைவேறிக்கொண்டும் இருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதா?

'ஒரு கேள்விக்குச் செலவாகிற மின்சாரம் ஓர் எறும்பின் எடைகூட இருக்காது. அதில் என்ன பாவம் வந்துவிட்டது?' என்று ஒருவர் வாதிக்கலாம். இந்த வாதம் வலுவானதுதான். நம் பழைய அறநூல்கள் எல்லாம் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்கிற தீமையைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. தீமை ஒரு மணலளவு என்று ஆகி, அது உலகம் முழுவதும் பரவிக் கலந்துவிட்டால், பாதிக்கப்பட்டவன் இன்னான் என்று விரல் நீட்ட முடியாமல் போகிறது. கூண்டில் ஏற்ற ஆளும் இல்லை, முறையிட ஆளும் இல்லை.

ஆனால் நம் கிராமத்து மக்கள் இந்த நிலையை எப்போதோ கண்டு ஒரு பழமொழி சொல்லிவிட்டார்கள். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பது அது. நெய் தன்னுடையதாக இருந்தால் கரண்டி நிதானமாக இறங்கும். ஊராருடையது என்றால் தாராளமாகச் சாயும். மென்பொருள் செய்கிறவன் செலவழிப்பது பெரும்பாலும் ஊரார் நெய்தான். சர்வர் நிறுவனத்தினுடையது, செல்போனும் அதன் பாட்டரியும் வாடிக்கைக்காரனுடையவை, நிலக்கரியும் காற்றும் எல்லோருடையவை. தீர்மானிக்கிறவன் கொடுப்பதில்லை, கொடுக்கிறவனுக்குத் தீர்மானம் நடந்ததே தெரியாது. அளவு சிறியதா பெரியதா என்பதைவிட இந்த இடைவெளிதான் எனக்குக் கவலை தருகிறது.

கலியாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பந்தி முடிந்ததும் இலைகளில் சோறும் பலகாரமும் மிஞ்சிக் கிடக்கின்றன. 'இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சாப்பாட்டின் அருமை தெரியவில்லை' என்று சாப்பிட்டவர்களைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றம் அவர்களுடையது அன்று. கேட்காமலே இலையில் தள்ளிக்கொண்டு போனவரைத்தான் கேட்க வேண்டும். சாப்பிடுகிறவர் தம் ஓர் இலைக்குப் பொறுப்பு. பரிமாறுகிறவர் வரிசை முழுவதற்கும் பொறுப்பு. ஹோட்டலில் நமக்குப் பரிமாறுகிறவரையும் சர்வர் என்கிறோம், டேட்டா சென்டரில் இருக்கிற இயந்திரத்தையும் சர்வர் என்கிறோம். பெயர்ப் பொருத்தம் சரியாகத்தான் அமைந்திருக்கிறது! செல்போன் வைத்திருப்பவர்களைப் பார்த்து, 'படங்களை அழியுங்கள், மின்சாரத்தை மிச்சப்படுத்துங்கள்' என்று உபதேசம் செய்வதில் எனக்கு உற்சாகம் இல்லை. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பேச வேண்டும்.

கரண்டி பிடிக்கும் முறை மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் காலத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஈத்திரியம் என்று ஒரு மின்னணு நாணயம் இருக்கிறது. அந்த நாணயம் நல்லதா, கெட்டதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கணக்கேட்டில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பதற்காக, உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரு புதிரை விடுவிக்கப் போட்டி போடும்படி அதை முதலில் அமைத்திருந்தார்கள். ஒன்று ஜெயிக்கும், மற்றவை அத்தனையும் செலவழித்த மின்சாரம் வீண். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த முறையை மாற்றினார்கள். ஈடாகப் பணம் கட்டி வைத்தவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. கணக்கேடு பழையபடியே நடந்தது. அது தின்ற மின்சாரம் மட்டும் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்து போயிற்று. ஓர் அற்புத இயந்திரத்தைக் கண்டுபிடித்து இதைச் சாதிக்கவில்லை. வரைபடத்தைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். திருத்துவதற்குப் பல ஆண்டுகள் உழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிக்கனம் திறமையைக் குறைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு வாயேஜர்-1 என்ற விண்கலத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அது பூமியை விட்டுக் கிளம்பியது. அதிலுள்ள கம்ப்யூட்டர்களின் மொத்த நினைவாற்றல் சுமார் 70 கிலோபைட். இன்றைய செல்போன் எடுக்கிற ஒரு புகைப்படத்தை அதில் வைக்க இடம் போதாது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அது அனுப்பிய செய்திகள் புரியாத குழப்பமாகிவிட்டன. நினைவகத்தின் ஒரு சில்லு கெட்டுப்போயிருந்தது. இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேலாகும். கெட்ட இடத்தில் இருந்த மென்பொருளை முழுதாகக் கொண்டு போய் வைக்க வேறு எங்கும் இடமில்லை. பொறியியலாளர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காலியாக இருந்த மூலைகளில் பொருத்தினார்கள். 2024 ஏப்ரலில் அந்த விண்கலம் மறுபடியும் புரியும்படி பேசத் தொடங்கியது. ஒவ்வோர் எழுத்தும் எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று தெரிந்திருந்ததால்தான் இந்த வைத்தியம் சாத்தியமாயிற்று. அளந்து வைத்த வீட்டில்தான் இருட்டிலும் பொருளைத் தேடி எடுக்க முடியும்.

ஆனால் சிக்கனத்திலும் பொய்ச் சிக்கனம் உண்டு. முன்காலத்துக் கம்ப்யூட்டர்களில் இடம் மிகவும் அருமை. அதனால் ஆண்டைக் குறிக்க நான்கு இலக்கங்களுக்குப் பதிலாகக் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதினார்கள். 1965 என்பதற்கு 65. இரண்டிரண்டு இலக்கமாக மிச்சம் பிடித்தார்கள். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, 00 என்பது 1900-ஆ, 2000-ஆ என்று இயந்திரங்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்ற அச்சம் உலகத்தைப் பிடித்துக்கொண்டது. திருத்துவதற்குப் பல ஆயிரம் கோடி டாலர் செலவாயிற்று. நம் இளைஞர்கள் பலர் கடல் கடந்து வேலைக்குப் போனதற்கு அந்தத் திருத்த வேலையும் ஒரு காரணம். அன்று மிச்சம் பிடித்தவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆயினும் அவர்களுடைய கதையில் ஒரு பாடம் இருக்கிறது. இன்றைய செலவைக் குறைத்து அதை நாளைக்கு வருகிறவன் தலையில் ஏற்றி வைப்பது சிக்கனம் ஆகாது. அதற்குப் பெயர் கடன்.

இக்காலத்தில் 'நிலைத்தன்மை' என்று ஒரு சொல்லைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அதன் பொருள் எனக்கு விளங்கியவரையில் இவ்வளவுதான்: நான் எடுத்துக்கொண்டது போக, எனக்குப் பிறகு வருகிறவனுக்கும் மிச்சம் இருக்க வேண்டும். இப்படிப் பொருள் கொண்டால், மின்சாரம் மட்டும் இதில் அடங்கவில்லை என்பது தெரியும். நல்ல நிலையில் இருக்கிற ஓர் இயந்திரத்தை மென்பொருள் கொன்றுவிடக்கூடும். விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. அடுத்து வந்த விண்டோஸ் 11, சில பாதுகாப்புச் சில்லுகள் உள்ள புதிய இயந்திரங்களையே ஏற்கும். இந்த ஏற்பாட்டால் 24 கோடிக் கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. பாதுகாப்பைப் பற்றிய காரணத்தைப் பொய் என்று தள்ள முடியாது. ஓராண்டுத் தவணையும் கொடுத்தார்கள். ஆனால் தட்டச்சு செய்யவும் கடிதம் அனுப்பவும் போதுமானதாக இருந்த ஓர் இயந்திரம், எந்தப் பகுதியும் பழுதாகாமல், ஒரு தேதியால் முதுமை அடைந்துவிட்டது. 2022-இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைச் சேர்த்தது. முறையாகச் சேகரித்து மறுபடி பயன்படுத்தியது அதில் கால் பங்குக்கும் குறைவு. இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, 'பழைய இயந்திரத்திலும் இது ஓடுமா?' என்ற கேள்வி கட்டமைப்பாளன் கேட்க வேண்டிய தர்மக் கேள்வியாகிறது. பழைய செல்போன் வைத்திருப்பவன் யார்? புதிது வாங்க வசதி இல்லாதவன்தானே?

இனி, எல்லாவற்றையும்விடக் கடினமான ஒரு தடைக்கு வருகிறேன். 1865-ஆம் ஆண்டில் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி இயந்திரங்கள் திருந்தத் திருந்த, ஒரே வேலைக்கு முன்னைவிடக் குறைந்த நிலக்கரி போதும் என்று ஆயிற்று. அப்படியானால் நிலக்கரிச் செலவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை, பெருகியது. மலிவானதால் எல்லோரும் எல்லா வேலைக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே கதைதான். பாஸ்கல் என்ற கணினி மொழியை உண்டாக்கிய ஸ்விட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரம் எவ்வளவு விரைவாக வேகம் அடைகிறதோ, அதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்ற கருத்தை அதில் எடுத்துக் காட்டினார். இடம் பெரிதானால் சாமான் பெருகும். சம்பளம் உயர்ந்தால் செலவும் உயரும் என்பது எந்த நடுத்தரக் குடும்பத்துக்குத் தெரியாது?

எனவே, திறமையாகச் செய்வது மட்டும் போதாது. திறமை மிச்சம் பிடித்ததை ஆசை எடுத்துச் செலவழித்துவிடும். 'இதை எவ்வளவு குறைந்த செலவில் செய்யலாம்?' என்ற கேள்விக்கு முன்னால், 'இது வேண்டுமா? வேண்டும் என்றால் எவ்வளவு போதும்?' என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். முதல் கேள்வியைக் கணக்குத் தெரிந்தவன் கேட்பான். இரண்டாவதைக் கேட்பதற்கு மனப்பக்குவம் வேண்டும். கூட்டத்தில் பத்துப் பேர் 'இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்' என்று சொல்லும்போது, 'இது போதும்' என்று ஒருவன் சொல்வதற்குத் துணிச்சலும் வேண்டும்.

இதையெல்லாம் அன்றாட வேலையில் எப்படிக் கொண்டு வருவது? ஆண்டுக்கு ஒரு நாள் மரம் நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் இது வராது. வரைபடம் போடுகிற மேஜையில் வர வேண்டும். செலவு எவ்வளவு, வேகம் எவ்வளவு, பாதுகாப்பு எவ்வளவு என்று கட்டமைப்பாளர்கள் ஏற்கனவே எழுதி வைக்கிறார்கள். அதே தாளில் இன்னும் ஒரு பத்தி சேர்த்தால் போதும். அதில் எதை எழுதுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. மென்பொருளின் கரிச் சுமையைக் கணக்கிடும் முறை ஒன்று 2024-இல் சர்வதேசத் தர நிர்ணயமாகவே ஏற்கப்பட்டது. அதன் சாரம் இதுதான்: எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அந்த மின்சாரத்தை உண்டாக்க எவ்வளவு புகை எழுந்தது என்று பார், இயந்திரத்தைத் தயாரித்தபோதே எழுந்த புகையில் உன் பங்கைச் சேர், மொத்தத்தை ஒரு வாடிக்கைக்காரருக்கு இவ்வளவு, ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல். வகுத்துச் சொன்னால்தான் சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கூடியதா, குறைந்ததா என்று தெரியும். அளந்து போடு என்ற பழமொழிக்கு இது ஓர் உரை என்றே சொல்லலாம்.

அளக்கத் தொடங்கினால், நேரமும் கணக்கில் வந்துவிடுகிறது. அவசரமில்லாத வேலைகளைச் சூரிய ஒளியும் காற்றும் மிகுதியாக மின்சாரம் தரும் நேரத்துக்கு ஒத்திப் போடும் ஏற்பாட்டைக் கூகிள் நிறுவனம் 2020-இல் அறிவித்தது. வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து வடாம் பிழிகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய தத்துவம் ஆகாது.

நண்பரின் மகன் இப்போது தன் வரைபடங்களில் ஒரு வழக்கத்தைப் புகுத்தியிருக்கிறானாம். எந்தத் தகவலைச் சேமிக்கச் சொன்னாலும், 'இது எப்போது அழிய வேண்டும்?' என்று கேட்டு அந்தத் தேதியையும் எழுதச் சொல்கிறான். முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். "சேமிக்கிறதுக்கு இடம்தான் மலிவாச்சே, எதுக்கு அழிக்கணும்?" என்று கேட்டார்களாம். அவன் விவாதிக்கவில்லை. "தேதி தெரியலேன்னா, 'தெரியாது'ன்னு எழுதி, எழுதினவங்க பேரைப் போடுங்க" என்று மட்டும் சொன்னானாம். அதன் பிறகு பெரும்பாலானவற்றுக்குத் தேதி கிடைத்துவிட்டது. இதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. யாரும் தீர்மானிக்காமல் நடந்த தீர்மானத்துக்கு அவன் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டான். பெயர் வந்ததும் பொறுப்பு தானாக வந்து நின்றுவிட்டது.

இதில் நிறுவனத்துக்கும் லாபம்தானே, இதை அறம் என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்பார்கள். லாபமும் அறமும் ஒரே பாதையில் போகிறவரையில் சேர்ந்து போகட்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பாதை பிரிகிற இடம் ஒன்று வரும். பழைய செல்போன்காரனுக்காகக் கூடுதலாக ஒரு வாரம் உழைக்க வேண்டும், அதனால் ஒரு காசு லாபம் இல்லை என்ற நிலை வரும். அங்கே எடுக்கிற முடிவில்தான் அறம் இருக்கிறதா, கணக்கு மட்டும் இருக்கிறதா என்பது தெரியும்.

'செயற்கை அறிவு என்ற பெயரில் பெரிய பெரிய நிறுவனங்கள் ஆறாக மின்சாரத்தைக் கொட்டும்போது, நான் பத்து விநாடியை ஒரு நிமிஷமாக்கி என்ன ஆகப் போகிறது?' என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. பெரியவர்களைக் கேள்வி கேட்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை, குடிமக்களின் கடமை. அந்தக் கடமையைச் செய்வதற்கும் அளவு தெரிந்தவர்கள் தேவை. தன் மேஜையில் அளந்து பழகியவனுக்குத்தான் மற்றவர் காட்டுகிற கணக்கில் எது பொய் என்று தெரியும். தவிர, ஊரில் ஒருவன் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனான் என்பதற்காக நம் வீட்டுக் குழாயை யாரும் திறந்து வைப்பதில்லை.

ஆறு வற்றும் என்று அந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆற்றுக்கு எதைப் போட்டாலும் தாங்கும் என்ற நம்பிக்கை இருந்த காலத்திலேயே அளந்து போடச் சொன்னார்கள். ஆறு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு இன்று நம் கையில் இருக்கிறது. அளப்பதற்கு அவர்களுக்கு இருந்ததைவிட நமக்கு ஒரு காரணம் அதிகம்.